மூன்றா, ஆறா? ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்

இந்த முறை கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பேருந்தில் போகிறவர்கள் வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள். முப்பது வருடத்துக்கு முன்னால் வகுப்பில் நான் தப்பாகச் சொன்ன ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது.

போன அக்டோபரில் ஒருநாள் ராத்திரி பதினோரு மணி இருக்கும். இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி படம் அனுப்பியிருந்தாள். வாடகை வீட்டுத் தோட்டத்தில், புல்லுக்கு நடுவே, இலையே இல்லாமல் மண்ணிலிருந்து நேராகக் கிளம்பிய இளஊதாப் பூக்கள். பார்க்க அத்தனை அழகு. கீழே எழுதியிருந்தாள்: "சார், எங்க தோட்டத்துல குங்குமப்பூ பூத்திருக்கு. தம்பி பொண்டாட்டி மாசமா இருக்கா. காயவச்சு பால்ல போட்டுக் குடுக்கலாம்னு பறிச்சு வச்சிருக்கேன்."

படத்தை விரலால் பெரிதாக்கி உள்ளே இருந்த மகரந்தத்தாள்களை எண்ணினேன். ஆறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினேன். ஆறுதான். உடனே கூப்பிட்டேன். "அதைக் கொட்டிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவும்மா" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்கதானே சார் சொன்னீங்க, இலையுதிர் காலத்துல பூக்கிற குரோக்கஸ்னு ஒண்ணு இருக்கு, அது குங்குமப்பூவோட வகைன்னு?"

ஆமாம், நான்தான் சொன்னேன்.

1995. பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல், பன்மடியம் என்ற பாடம். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரட்டிப்பாக்க கோல்ச்சிசின் என்ற மருந்தைப் பயன்படுத்துவார்கள், அது கோல்ச்சிகம் ஆட்டம்னேல் என்ற செடியிலிருந்து வருகிறது என்று நடத்தினேன். அந்தச் செடியை நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் அதற்கு 'ஆட்டம் குரோக்கஸ்' என்று பெயர் என்பது மட்டும் தெரியும். குரோக்கஸ் என்றால் குங்குமப்பூ. அதனால், "அதன் இலையுதிர்கால வகை" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சேர்த்தேன்.

கடைசி பெஞ்சில் கள்ளிமந்தையம் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க காட்டுல வெளையிற கண்வலிக் கெழங்குலயும் அந்த மருந்துதான் இருக்காம். வெத வாங்க வர்ற வியாபாரி சொன்னாரு." நான் அவனை உட்காரச் சொன்னேன். "பரீட்சைக்குக் கோல்ச்சிகம்னு எழுதினாத்தான் மார்க்கு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். அன்று அந்த அறையில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

இனி பாடத்தை ஒழுங்காக நடத்துகிறேன்.

1753-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ், உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல் பெயர் வைத்து ஒரு பெரிய புத்தகம் போட்டார். நம் கதையில் வரும் மூன்று செடிகளும் அதில் இருக்கின்றன. குங்குமப்பூவுக்கு குரோக்கஸ் சட்டைவஸ். அந்த விஷப் பூவுக்கு கோல்ச்சிகம் ஆட்டம்னேல். நம்மூர்க் கண்வலிக் கிழங்குக்கு குளோரியோசா சூப்பர்பா. செடிகளை அவர் பிரித்த முறை ரொம்ப எளிமையானது, பூவுக்குள் இருக்கும் மகரந்தத்தாள்களை எண்ணுவதுதான். குங்குமப்பூவுக்கு மூன்று, ஆகவே அது மூன்று தாள் வகுப்புக்குப் போயிற்று. கோல்ச்சிகத்துக்கும் குளோரியோசாவுக்கும் ஆறு, ஆகவே இரண்டும் ஆறு தாள் வகுப்பில் உட்கார்ந்தன. லின்னேயஸின் முறையைப் பிற்காலத்தார் கைவிட்டார்கள். ஆனால் இந்த மூன்று செடி விஷயத்தில் அந்த எண்ணிக்கை சொன்னது சரியாகவே இருந்தது. இன்றைய வகைப்பாட்டில் குங்குமப்பூ ஐரிஸ் குடும்பம். மற்ற இரண்டும் கோல்ச்சிகேசி என்ற ஒரே குடும்பம். நான் உங்களுக்கு நடத்திய காலத்தில் பெந்தம் - ஹூக்கர் முறைப்படி அவை லில்லியேசியில் இருந்தன.

பிறகு ஏன் அந்த விஷச் செடிக்குக் குரோக்கஸ் என்று பெயர்? பார்வைக்கு அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டும் மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும். இரண்டும் செப்டம்பர், அக்டோபரில் பூக்கும். இரண்டுக்கும் ஆறு இதழ், ஊதா நிறம், கிண்ண வடிவம். ஆங்கிலேயர் அதற்கு 'புல்வெளிக் குங்குமம்' என்று பொருள்படும் இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். அது முதல் பெயரைவிட மோசம். பெயரை மட்டும் நம்புகிறவன் நேரே சமையலறைக்குத்தான் எடுத்துப் போவான்.

பிரித்து அறிவது கஷ்டமில்லை. குங்குமப்பூவில் மகரந்தத்தாள் மூன்று. நடுவே ஒரே சூலகத்தண்டு, அது மேலே மூன்றாகப் பிரிந்து இரத்தச் சிவப்பாகத் தொங்கும். அந்தச் சிவப்பு இழைதான் கடையில் கிராம் கணக்கில் விற்பது. இலை புல் மாதிரி ஒல்லியாக, நடுவில் வெள்ளைக்கோடு போட்டு இருக்கும், பெரும்பாலும் பூவை ஒட்டியே வந்துவிடும். கோல்ச்சிகத்தில் மகரந்தத்தாள் ஆறு. சூலகத்தண்டுகள் அடியிலிருந்தே மூன்றும் தனித்தனி. பூக்கும்போது இலையே இருக்காது. பட்டையான பெரிய இலைகள் அடுத்த வசந்தத்தில் விதைக்காயோடு வரும். அந்த இலையைக் காட்டுப்பூண்டு இலை என்று நினைத்துப் பறித்துச் சமைத்து ஐரோப்பாவில் இன்றைக்கும் ஆட்கள் சாகிறார்கள்.

மாணவி பறித்து வைத்திருந்தது மஞ்சள் மகரந்தத்தாள்களை. குங்குமப்பூவிலேயே அது வேண்டாத பகுதி.

குங்குமப்பூவைப் பற்றி இரண்டு வார்த்தை. காஷ்மீரில் பாம்பூரைச் சுற்றியுள்ள கரேவா மேட்டு நிலங்களில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் பூக்கும். ஒரு கிலோ உலர்ந்த இழைக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பூ வேண்டும். 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது விதையே வைக்காது, கிழங்கைப் பிரித்து நட்டால்தான் உண்டு. காரணம், அது ஒரு மும்மடியம். குரோமோசோம் தொகுதி இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் சமமாகப் பிரிய வழியில்லை. கிரேக்க நாட்டுக் காட்டுக் குரோக்கஸிலிருந்து எப்போதோ இயற்கையாக நேர்ந்தது இது. இந்த மும்மடியச் சங்கதி பின்னால் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கோல்ச்சிகம் என்ற பெயர், கருங்கடலின் கிழக்குக் கரையில் இருந்த கோல்கிஸ் என்ற பழைய நாட்டின் பெயர். இன்றைய ஜார்ஜியா. கிரேக்கக் கதைகளில் விஷங்களில் கைதேர்ந்த மெடியா என்பவள் அந்த ஊர்க்காரி. முதலாம் நூற்றாண்டில் டயாஸ்கோரிடிஸ் என்ற கிரேக்க மருத்துவர் மூலிகை நூல் எழுதும்போது இதையும் சேர்த்தார். தின்னும் கிழங்கு என்று நினைத்து யாரும் ஏமாந்து தின்றுவிடக் கூடாது, அதற்காகத்தான் இதன் அடையாளத்தை எழுதுகிறேன் என்று காரணமும் சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் அடையாளம் சொல்லிப் பெயரை எழுதினார். நான் பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதினேன்.

விஷம் என்று தெரிந்தே, அளவோடு, மூட்டு வலிக்கு இதைக் கொடுத்தவர்களும் பழங்காலத்திலேயே உண்டு. ஆறாம் நூற்றாண்டில் டிராலஸ் ஊர் அலெக்சாண்டர் என்ற மருத்துவர் இந்த இனத்துக் கிழங்கைக் கவுட் நோய்க்குச் சொல்லியிருக்கிறார். யுனானியில் சுரஞ்சான் என்பதும் இந்த இனம்தான். நம் நாட்டின் வடமேற்கு இமயமலைச் சரிவில் மஞ்சளாகப் பூக்கும் கோல்ச்சிகம் ஒன்று உண்டு, அது பனி உருகும் வசந்தத்தில் பூப்பது. 18-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் உசோன் என்ற பிரெஞ்சுப் படை அதிகாரி, கவுட் வலிக்கு ஒரு ரகசியத் தண்ணீர் விற்றார். பணக்காரர்கள் எல்லாம் வாங்கிக் குடித்தார்கள். உள்ளே இருந்த சரக்கு கோல்ச்சிகம்தான் என்பது 1814-இல்தான் வெளியே வந்தது. 1820-இல் பாரிசில் பெல்லெட்டியேயும் கவாந்துவும் அதன் சாரத்தைப் பிரித்தார்கள். கொய்னாவைப் பிரித்ததும் இதே இருவர், இதே ஆண்டு. 1833-இல் கைகர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர்தான் கோல்ச்சிசின்.

சரி, ஊருக்குத் திரும்புவோம். ஐரோப்பாவில் அது புல்வெளியில் பூக்கும் அதே ஐப்பசி கார்த்திகையில், திண்டுக்கல் பக்கம் மழை இரண்டு விழுந்ததும் கிளுவை வேலியில் ஏறிப் பூப்பது எது? நமக்கு இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது, அந்த மாதங்களில் இங்கே எல்லாம் தளிர்க்கத்தான் செய்யும். சிறுமலை அடிவாரத்தில் சின்ன வயதில் நான் பார்த்து வளர்ந்த பூ அது. முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நெருப்புச் சிவப்பு. இதழ் ஆறும் நெளிந்து பின்னால் வளைந்து நிற்கும். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். இந்த இலை நுனியைப் பார்த்தால் போதும், பூ இல்லாவிட்டாலும் செடியைச் சொல்லிவிடலாம். மகரந்தத்தாள் ஆறு.

சங்க காலத்தில் அது காந்தள். பெண்களின் விரலுக்கு உவமை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக்கொண்டே போகும் பூக்களில் முதலாவது இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுதான். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுக்கும் தேசிய மலர். 1947-இல் இளவரசி எலிசபெத் அங்கே போனபோது இந்தப் பூ வடிவில் வைர நகை ஒன்று செய்து கொடுத்தார்கள். புலவருக்கும் அரசாங்கத்துக்கும் அது பூ. கிராமத்துக்கு அது கிழங்கு. கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு, கார்த்திகையில் பூப்பதால் கார்த்திகைக் கிழங்கு, உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்று சொல்லிக் கண்வலிக் கிழங்கு. எங்கள் அப்பத்தா பூவைப் பறிக்க விடமாட்டாள். கண் வலிக்கும் என்பது நம்பிக்கைதான். ஆனால் பிள்ளைகளை அந்தச் செடியிலிருந்து தள்ளி வைக்க அதைவிட நல்ல பெயர் யாராலும் வைத்திருக்க முடியாது. ஆங்கிலப் பெயர் ஆளைக் கிட்டே கூப்பிடுகிறது, நம் பெயர் தள்ளி நிற்கச் சொல்கிறது.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். கல்கத்தாவில் வார்டன் என்ற வேதியியலாளர் இதன் கிழங்கிலிருந்து ஒரு கசப்பான பொருளைப் பிரித்து 'சூப்பர்பைன்' என்றார். 1915-இல் இங்கிலாந்தில் மூன்று வேதியியலாளர்கள் இந்தக் கிழங்கில் இருப்பது கோல்ச்சிசின் என்று காட்டினார்கள். நான் அந்தப் பையனை உட்காரச் சொல்வதற்கு எண்பது வருடம் முன்பே விஷயம் அச்சில் வந்துவிட்டது!

வேலிச் செடி பயிரானது மருந்துக் கம்பெனிகளின் தேவையால். முதலில் காட்டிலும் வேலியிலும் கிழங்கைத் தோண்டி விற்றார்கள். பல இடங்களில் செடியே அற்றுப்போனது. கிழங்கைவிட விதையில் சரக்கு அதிகம் என்று ஆனபிறகு தோட்டப் பயிராயிற்று. நம் பக்கம் ஒட்டன்சத்திரம், கள்ளிமந்தையம், அம்பிளிக்கை. அந்தப் பக்கம் தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி. கடலோரத்தில் வேதாரண்யம். விதை பெரும்பாலும் ஏற்றுமதிக்குத்தான் போகிறது.

அந்தக் கடைசி பெஞ்சுப் பையன் இப்போது ஐம்பதை நெருங்கும் விவசாயி. இங்கிலாந்துப் படம் வந்த மறுவாரம் அவனைத் தேடிப் போனேன். வாசலிலேயே "வாங்க சார்" என்று கும்பிட்டவன், 1995 கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. எனக்குத்தான் இருந்திருக்கிறது.

தோட்டத்தைச் சுற்றிக் காட்டினான். வி எழுத்து மாதிரி இருக்கும் கிழங்கு, ஒவ்வொன்றும் ஐம்பது அறுபது கிராம் எடை. ஆடி வாக்கில் நடுகிறார்கள். கவையின் நுனியில்தான் முளை, அது ஒடிந்தால் கிழங்கு வீண். கொடி ஏற கம்பியும், ஊடே கிளுவைப் போத்தும் விராலிக் குச்சியும். பூ வந்தபிறகுதான் உண்மையான வேலை. இந்தப் பூவின் சூலகத்தண்டு அடியிலேயே செங்கோணமாக மடங்கி, மகரந்தத்தாளை விட்டு விலகி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தானாக மகரந்தம் போய்ச் சேருவது அபூர்வம். அதனால் காலையில் பெண்கள் வரிசையாகப் போய், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூலகமுடியில் தொட்டு வைக்கிறார்கள். ஒவ்வொரு பூவுக்கும், தினமும், பூ முடிகிற வரை. வண்ணத்துப்பூச்சி செய்ய வேண்டிய வேலையை ஆள் கூலிக்குச் செய்கிறார்கள். தை, மாசியில் காய் பறிப்பு. இலைக்கருகல், கிழங்கழுகல், இலை தின்னும் புழு என்று தொல்லைகள் வேறு.

விலையைக் கேட்டேன். "அது வியாபாரி வாயில இருக்கு சார்" என்றான். கிலோ ஆயிரக்கணக்கில் போன வருடமும் உண்டு, பாதிக்குக் கீழே விழுந்த வருடமும் உண்டு. வீட்டில் தின்ன முடியாது, உள்ளூர்ச் சந்தையில் விற்க முடியாது, மாட்டுக்கும் போட முடியாது. வாங்குகிறவன் வராவிட்டால் மூட்டையைக் கட்டி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். தக்காளி விலை போகாவிட்டால் குழம்பாவது வைக்கலாம் என்றான்.

இந்த மருந்து செய்கிற வேலை என்ன? செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க மெல்லிய இழைகள் உருவாகும். கோல்ச்சிசின் அந்த இழைகளைக் கட்டவிடாது. குரோமோசோம் இரட்டித்துவிடும், செல் பிரியாது. 1937-இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் இதைச் செடிகளில் செய்து காட்டினார்கள். கோடையில் நாம் சாப்பிடும் விதையில்லாத் தர்பூசணி, ஜப்பானில் கிஹாரா இந்த வழியில் உண்டாக்கிய மும்மடியம். குங்குமப்பூவுக்கு இயற்கை செய்ததை, அதன் பெயரைத் திருடிய செடியின் விஷத்தைக் கொண்டு மனிதன் தர்பூசணிக்குச் செய்தான். சென்னையில் படித்து, கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள், பிறகு இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கோல்ச்சிசின் வைத்தார். அதில் வந்த ஒரு மக்னோலியாவுக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். இதை அன்று வகுப்பில் சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியாது.

இப்போது சொந்தக்காரர்களுக்கு. நம் குடும்பக் குழுவில் போன வாரம் ஒரு செய்தி சுற்றியது. கவுட் வலிக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரை கண்வலிக் கிழங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது, ஆகவே கிழங்கையே காயவைத்துப் பொடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடலாம் என்று. முதல் பாதி உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியை நம்பத் தோன்றுகிறது. என் மைத்துனர் ஒருவர் ஒட்டன்சத்திரத்தில் கிழங்குக்குச் சொல்லியே வைத்துவிட்டார். மச்சான், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்த மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். 2023-இல் அமெரிக்காவில் இதய நோய்க்கும் அனுமதித்த அளவு நாளுக்கு அதே அரை மில்லிகிராம்தான். மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி அவ்வளவு குறுகல். கிழங்கில் எத்தனை இருக்கிறது என்பது மண்ணுக்கு மண், கிழங்குக்குக் கிழங்கு மாறும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் போகாது. சித்த மருத்துவத்தில் இதைச் சுத்தி செய்து பயன்படுத்துவது முறையாகக் கற்றவர்களின் வேலை, நம் மிக்சியின் வேலை அல்ல. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுப்போக்கு. பிறகு இரத்த அழுத்தம், சிறுநீரகம், எலும்பு மஜ்ஜை என்று ஒவ்வொன்றாக. பிழைத்தவர்களுக்கு இரண்டாவது வாரத்தில் தலைமுடி கொத்தாக உதிரும். இலங்கையிலிருந்து ஒரு மருத்துவர் 1966-லேயே இதைப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். கைவசம் மாற்று மருந்து கிடையாது. வள்ளிக்கிழங்கு என்று நினைத்து ஒரு துண்டு தின்றிருந்தாலும், வயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மிச்சக் கிழங்கையும் கையோடு எடுத்துப் போங்கள்.

இங்கிலாந்து மாணவி போன வாரம் இன்னொரு படம் அனுப்பினாள். தோட்டத்துக் கடையில் வாங்கிய தொட்டியில் ஒரு பூ, பக்கத்திலேயே மெல்லிய இலை. "மூணு சார், எண்ணிட்டேன்" என்று எழுதியிருந்தாள். நானும் எண்ணினேன். மூன்றுதான். ஆனாலும் தொட்டிப் பூவைப் பாலில் போட வேண்டாம், நம்பிக்கையான கடையில் வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

கள்ளிமந்தையத்தில் இந்த மாதக் கடைசி வரை பூ இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை போகிறேன், திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஏழு மணிக்கு நிற்பேன். 1995 செட் யாராவது வருவதானால் சொல்லுங்கள். அவனே சொல்லித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், இந்த முறை நான் கடைசி பெஞ்சு. மச்சான், நீங்களும் வாங்க. கிழங்கைக் கையில் தொடாமல் பார்க்கலாம்.